துண்டு போட்ட இருக்கைகள்

ஜூலை 14, ஞாயிறு. நாகர்கோவில்

செவ்வாய்க்கிழமை காலை 11.42-க்குச் செய்தி வந்தது. சென்னை ஆபீஸில், மிஷின் ஹாலின் சுவரில் சிவப்பு எண்களில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தேன். அது நொடி பிசகாது.

புதிய டிஸ்க் அலமாரி ஒன்றை மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டிருந்தோம். ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஆளுக்கொரு சின்ன லாக்கர் உண்டு. அதில் போனை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். எங்கள் கீழ்வீட்டு அக்கா கம்பெனியின் பொது எண்ணைத் தேடிப் பிடித்து வரவேற்பறைக்குச் சொல்ல, அவர்கள் செக்யூரிட்டிக்குச் சொல்ல, அவர் வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"சார், உங்க வீட்ல... மேடம் தவறிட்டாங்களாம்."

நான் இன்ஜினியரிடம், "அந்தக் கேபிளை இப்போ கழட்டாதீங்க, லேபிள் இன்னும் சரிபார்க்கலை" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். லேபிள் தவறாகத்தான் இருந்ததாம். கூட வேலை செய்யும் முபாரக் பிறகு சொன்னான்.

என் மனைவி ஷெர்லினுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அடக்கம். மழை இல்லை. எங்கள் மகள் ஆன்சிக்கு இரண்டு வயது. கல்லறைத் தோட்டத்தில் யாரோ கொடுத்த பிஸ்கட்டை மண்ணில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள்.

ஜூலை 29, திங்கள். சென்னை

வேலைக்குத் திரும்பினேன். மாமியும் எங்களோடு வந்துவிட்டார். ஷெர்லினின் அம்மா, எங்கள் ஊரில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமா போய்ப் பல வருஷம். ஆன்சியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

முபாரக் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்தான்.

"டீ சாப்டியாடா?"

"சாப்ட்டேன்."

"இன்னொண்ணு சாப்பிடு."

இந்த வார ஆன்-கால் யாருடையது என்று கேட்டேன். அவனுடையது. என் பேருக்கு மாற்று என்றேன். டிஸ்க்கில் இடம் குறைந்தாலோ, கம்ப்யூட்டரில் ஓடும் ஏதாவது ஜாப் நின்றாலோ, ஆன்-காலில் இருப்பவனின் போனுக்குத்தான் சிஸ்டம் கூப்பிடும்.

"மச்சி, நீ இப்பதான் வந்திருக்க."

"மாத்துடா."

மாற்றினான்.

மதியம் கோதண்டராமன் சார் வந்தார். காப்பீட்டு புரோகிராம்களை அவர்தான் இருபது வருஷமாகக் கவனிக்கிறார். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராம் ஓட்டுகிறவர்கள் டிஸ்க்கில் இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். ஐந்து வேண்டுமென்றால் பத்து கேட்பார்கள். பத்து கேட்டால் நான் ஐந்து கொடுப்பேன். இது இரு தரப்புக்கும் தெரியும். எனக்குக் கருமி என்று பெயர்.

அவர் நாற்பது கேட்டார். கொடுத்துவிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெஜின் சார், இருபது போதும். நீங்க குறைப்பீங்கன்னுதான் நாப்பது கேட்டேன்."

"இருக்கட்டும் சார். பத்தாம போயிடக் கூடாது."

ஆகஸ்ட் 2, வெள்ளி

போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. சார்ஜர் பழுதோ என்று புதிது வாங்கினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

டிஸ்க் பூல், அதாவது எல்லா டிஸ்க்குகளின் மொத்த இடம், எண்பத்தைந்து சதவீதம் நிறைந்தால் சிஸ்டம் கூப்பிடும். பல வருஷமாக அந்த அளவுதான். இன்று அதை எழுபதாக்கினேன். காலாண்டு முடிவு வரப்போகிறது, முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே. மாற்றத்துக்கான காரணமாகவும் அதையே பதிந்தேன்.

வியாழனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை. மத்தியானம் ஆன்சி தூங்கிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எழுபத்தொன்று. ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஜாப் முடிந்ததும் தானே இறங்கிவிடும். ஆன்சி எழுந்து அழுதாள்.

"அது என்ன மக்களே, தீப்பிடிச்ச மாதிரி அடிக்குது?" என்றார் மாமி.

"டிஸ்க்ல இடம் கம்மியாகுது மாமி."

"இப்பமே போணுமா?"

"இல்ல. இன்னும் நிறைய இடம் இருக்கு."

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடத்தோட ஸ்கூட்டர் சும்மாதான நிக்குது? மூணாவது மாடியில புதுசா வந்தவருக்கு பார்க்கிங் இல்ல."

"சும்மா நிக்கல. ஓடுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்.

குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துப்போகிறேன். தண்ணீர் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவர். முபாரக்கின் வாரம், அடுத்தவனின் வாரம், எல்லா ஆன்-காலும் இப்போது என் பெயரில். மற்றவர்களுக்குச் சந்தோஷம். இன்று அளவை அறுபதாக்கினேன்.

ஆன்சி தன் தொட்டில்கட்டிலை விட்டு இறங்கி எங்கள் கட்டிலில் ஏறினாள். ஜன்னல் பக்கத்தில் படுக்கப் பார்த்தாள். தூக்கித் திரும்ப அவள் இடத்தில் விட்டேன். மூன்று முறை. மாமி ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். கட்டிலில் படுங்கள் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

கோதண்டராமன் சாரின் புரோகிராம் ஒன்று மெமரி போதாமல் நின்றது. எவ்வளவு கூட்டலாம் என்று போனில் கேட்டார். உச்சவரம்பையே எடுத்துவிட்டேன்.

"சாமி, இது என்ன கல்யாணப் பந்தியா?" என்றார். "இப்படி அள்ளி வைக்கிறீங்க, எங்க டீம்ல எல்லாரும் உங்களுக்குக் கோயில் கட்டப் போறாங்க."

போன வருஷ ரெஜினாக இருந்தால் புரோகிராமில் ஓட்டை எங்கே என்று கேட்டுக் குடைந்திருப்பேன். இப்போது எதுவும் நடுவில் நின்றுபோகாமல் இருந்தால் போதும் என்று இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கிறேன். கேட்டதற்கு மேலும் கொடுக்கிறேன். செய்தி பரவிவிட்டது, வரிசையில் வருகிறார்கள்.

இரண்டு வருஷம் தாங்கும் என்று வாங்கிய அலமாரி. பாதிக்கு மேல் போய்விட்டது. போன் நன்றாக அடிக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆன்சியைச் சாப்பாட்டு நாற்காலியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது அலர்ட் வந்தது. ஒரு கையால் போனை எடுத்தேன். அவள் நழுவி, மேஜை விளிம்பில் நெற்றி இடித்தது. ரத்தம் இல்லை. நெல்லிக்காய் அளவு வீக்கம்.

மாமி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அக்டோபர் நாலாம் தேதி எனக்கு டிக்கெட் போட்டிருக்கேன் மக்களே. பிள்ளைய ஊருக்குக் கொண்டு போறேன். நீ நேராகுற வரைக்கும் அங்க கிடக்கட்டும்."

"நான் நேராத்தான் மாமி இருக்கேன்."

"ஆமா, இருக்க."

ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை. பதிவில் மாமியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆன்சி போகிறாளா இல்லையா என்பது ரயிலுக்குத் தெரியாது.

செப்டம்பர் 20, வெள்ளி

ஐம்பது.

அக்டோபர் 1, செவ்வாய்

காலாண்டுக் கணக்கு ஜாப் காலை பத்துக்குத் தொடங்கியது. உணவு இடைவேளைக்கு முன்பே விழுந்தது. காரணம்: டிஸ்க்கில் இடமில்லை.

இடமில்லை. நான் ஆன்-காலில். எனக்கு அழைப்பே வரவில்லை என்று முபாரக்கிடம் கத்தினேன். அவன் என் போனை வாங்கிப் பார்த்தான். அலர்ட் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தேழு, அறுபது, எழுபத்திநாலு, எல்லாவற்றையும் நான் பார்த்தேன் என்று அழுத்தியிருக்கிறேன். நடுவில் ஒன்று தொண்ணூற்றேழு. அதையும் அழுத்தியிருக்கிறேன். காலை ஷேர் ஆட்டோவில் வரும்போது.

"நாள் பூரா குரைக்கிற நாயி, திருடன் வந்தப்பவும் குரைச்சிருக்கு. உனக்கு வித்தியாசம் தெரியல" என்றான்.

"புது டிஸ்க் கேட்டு எழுதறேன். இன்னிக்கே அனுமதி வாங்கலாம்."

"எதுக்கு டிஸ்க்? கொஞ்சம் இரு." அவன் ஒரு அறிக்கையை ஓட்டினான். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய இடம் எவ்வளவு, அதில் உண்மையில் எழுதப்பட்டது எவ்வளவு. திரையை என் பக்கம் திருப்பினான். தொண்ணூற்றேழு சதவீதம் ஒதுக்கியாகிவிட்டது. எழுதப்பட்டது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"பண்டிகைக்கு ஊருக்குப் போற பஸ் பாத்திருக்கல்ல? ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பானுங்க. உன் பஸ்ல எல்லா சீட்லயும் துண்டு கெடக்கு. உள்ள ஒரு ஆளு இல்ல. கண்டக்டர் நீ, வாசல்ல நின்னு ஃபுல்லு ஃபுல்லுன்னு கத்திட்டிருக்க."

கோதண்டராமன் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். "என் துண்டு எத்தனை கிடக்கு?"

"உங்களுது துண்டு இல்ல சார். எட்டு முழ வேட்டி."

அவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

காலியாகப் பிடித்து வைத்த இடத்தை விடுவிக்கும் வேலையை டிஸ்க்கின் பகுதிகளான வால்யூம்களில் ஒவ்வொன்றாக ஓட்டினோம். நான் நடுநடுவே நிறுத்தினேன். "இதுல எழுத வேண்டி வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா அப்ப குடு. கேட்டா குடுக்கத்தானே நீ இருக்க?"

சாயங்காலத்துக்குள் பூல் நாற்பதுக்கு வந்தது. ஒரு டிஸ்க்கைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. ஜாப்பைத் திரும்ப ஓட்டினோம்; முடிந்தது. மேனேஜரிடம் தானே பேசிக்கொள்வதாக முபாரக் சொன்னான். என்ன சொன்னானோ, அவர் என்னைக் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது அளவைத் திரும்ப எண்பத்தைந்தாக்கினான். ஆன்-காலையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். "நாலு நாளைக்கு நீ லீவு. கைய எடு அதுலேர்ந்து."

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. போன் அடிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஆன்சி மத்தியானம் அப்போதுதான் கண் மூடியிருந்தாள். போன் அடித்தது. பாய்ந்து எடுத்ததில் நாற்காலி சரிந்து விழுந்தது. அவள் வீறிட்டாள்.

"யாரு?" என்றார் மாமி.

"லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

"வேணும்னு சொல்லு. பிள்ளைக்கு ஒரு மணிக்கூர் தூக்கம் கடனாத் தரச் சொல்லு."

பிள்ளையை ஆற்றிவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"நாளைக்கு வண்டி. அவளுக்க துணியெல்லாம் பையில எடுத்து வச்சாச்சு."

"அவ என்கூட இருக்கட்டும் மாமி."

"உன்கூடயா? நீ எங்க இருக்க? உனக்க கையில அதுல்லா இருக்கு, பிள்ளையா இருக்கு?"

"வேலை மாமி."

"உனக்க வேலைதான் அந்தப் பாய்ப் பையன் பாக்கான்லா? அவன் நேத்து எனக்குப் பேசினான். பொறவு எதுக்கு அதைப் பிடிச்சிட்டுத் திரியுத?"

"யாராவது கூப்பிட்டா?"

"யாரு கூப்பிடுவா?"

ஆன்சி மாமியின் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ எனக்கும்தான் கூப்பிட்டா" என்றார் மாமி.

ஆஸ்பத்திரியில் ஷெர்லினின் போனையும் கம்மலையும் போட்டுக் கொடுத்த கவரை, அடக்கத்துக்கு ஊருக்கு வந்தபோது யாரோ மாமி கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றே அவர் பார்த்துவிட்டார்.

"முதல்ல உனக்கு. நாலு தடவ. பொறவு எனக்கு ரெண்டு தடவ. செவ்வாக்கிழம எங்களுக்கு உபவாச ஜெபம். கோயிலுக்குள்ள போகும்போ ஆஃப் பண்ணித்தான் பையில போடுவேன். பாட்டுப் படிச்சிட்டிருந்தேன் மக்களே. எனக்க மொவ அங்க..."

"ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?"

"நீயும் சொல்லல்லியே."

அன்று லாக்கரைத் திறந்தபோது என் போனில் நாலு தவறிய அழைப்புகள் இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டோம். மாமி போய் அணைத்துவிட்டு வந்தார்.

"இங்க வந்து முதல் ஞாயித்துக்கிழம, கோயில் வாசல்ல நிக்கேன், ஆஃப் பண்ணக் கை வரல்ல. உள்ள ஆராதனை தொடங்கியாச்சு. பொறவு பண்ணினேன். வாராவாரம் பண்ணுதேன். பண்ணல்லன்னா ஜெபிக்க முடியாது. பண்ணினாலும் முடியல்ல, அது வேற."

அவர் அழவில்லை. எனக்குத்தான் மூக்கு ஒழுகியது. ஆன்சி தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். அதில் தயிர்ச்சோறு ஒட்டியிருந்தது.

சாயங்காலம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் நான் தாம்பரத்துல எனக்க தங்கச்சியப் பாத்துட்டு வாறேன். நீ பிள்ளைய உறங்க வை. ஒரு முழு உறக்கம். நான் வரும்போ அவளா எந்திரிச்சிருந்தா, நான் மட்டும் வண்டி ஏறுதேன். நீ எழுப்பி விட்டிருந்தா, பை கட்டித்தான் இருக்கு."

"அவ பொய் சொல்லமாட்டாளா மாமி?"

"அழுத கண்ணு பொய் சொல்லாது."

அக்டோபர் 4, வெள்ளி

ஸ்கூட்டரைப் பற்றி இன்று யோசிக்கவில்லை.

மாமி ஒன்றரைக்குக் கிளம்பினார். கீழ்வீட்டு அக்காவின் எண்ணை அவரிடம் இரண்டு முறை சொன்னேன், முபாரக்குக்கும் அனுப்பினேன். "ஏதாவதுன்னா அக்காவுக்குப் பேசுங்க, அவங்க வந்து கதவைத் தட்டுவாங்க" என்றேன்.

"ஏதாவதுன்னா கதவ உடைப்பேன்" என்று சொல்லிவிட்டு மாமி ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும் வரை பால்கனியில் நின்றேன். அந்தத் திருப்பத்தில் லாரிகள் நிற்காமல் வருகின்றன.

பருப்புச் சோறு. பாதி அவள் வாயில், பாதி தரையில். தொட்டில்கட்டிலில் விட்டேன். இறங்கினாள். மறுபடி விட்டேன். மறுபடி இறங்கி, எங்கள் கட்டிலில் முழங்கால் போட்டு ஏறி, ஜன்னல் பக்கத்துக்குப் போனாள். அங்கே நீளவாக்கில் வைத்திருந்த தலையணையைக் காலால் தள்ளினாள். அது நகரவில்லை. "அப்பா, எடு" என்றாள்.

எடுத்தேன்.

ஷெர்லினின் இடத்தில் மல்லாந்து படுத்து, கைகளை விரித்து, முழு இடத்தையும் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தேன். எந்தப் பாட்டு பாடுவதென்று தெரியவில்லை. வால்யூம்களின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்தேன். அதற்கே தூங்கிவிட்டாள்.

போன் என் மடியில் இருந்தது, சத்தத்தைக் குறைத்து. மாமி இப்போது மேடவாக்கம் தாண்டியிருப்பார். தாண்டினாரா? திரையைப் பார்த்தேன். கவிழ்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.

அது அதிர்ந்தது. கட்டில் சட்டத்தில் பட்டு, துளைபோடும் மிஷின் மாதிரி ஒரு சத்தம். முபாரக்கின் செய்தி. "தூங்கிட்டாளாடா?"

ஆன்சி கண்ணைத் திறந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். நான் மூச்சு விடவில்லை. உதடு பிதுங்கி அழுகைக்குத் தயாரானது. தட்டிக்கொண்டிருந்த கையை எடுக்காமல் அப்படியே அவள் வயிற்றின்மேல் வைத்தேன். அவள் என் கட்டைவிரலைப் பிடித்தாள். இமை கீழே வந்தது, பாதியில் நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

இன்னொரு கையால், பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நிச்சயமா என்று கேட்டது. மாமி ரோட்டில் இருக்கிறார். எனக்கு நிச்சயம் இல்லை. ஆமாம் என்று அழுத்தினேன். திரை கறுத்து, அதில் ஜன்னலும் ஆன்சியின் காலும் தெரிந்தன.

கட்டைவிரல் இன்னும் அவள் பிடியில்தான் இருக்கிறது. நோட்டை முழங்கால்மேல் வைத்து இதை எழுதுகிறேன். போனை அணைத்துவிட்டேன்.